முறை வைத்து நடத்துவது: நீண்டகால நோயோடு ஒரு டெல்டா வீட்டின் அன்றாடம்

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம் என்றாலும், நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போவதையும், திறந்த பிறகும் ஆறுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதையும் காவிரி டெல்டாவில் பிறந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். முறை வரும் நாள் எதுவென்று அறிந்து, முன்கூட்டியே வாய்க்காலைத் தூர் வாரி மடையைச் சரி செய்து வைத்திருப்பவரின் வயல் கடைமடையில் இருந்தாலும் தப்பித்துவிடும்; தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுகிறவரின் வயல் தலைமடையில் இருந்தும் வாடும். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடும் இரத்த அழுத்தத்தோடும் வாழ்கிற எனக்கும், ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு, அதாவது மூட்டுகள் இறுகி வலிக்கும் நோயோடு, வாழ்கிற என் மனைவிக்கும், இந்த முறை வைக்கும் பழக்கத்தைத் தவிர வேறு பெரிய உபாயம் எதுவும் கைகொடுக்கவில்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு போன்றவை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் கூடவே இருப்பவை. அவற்றை மனஉறுதியை மட்டும் நம்பி நடத்த முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் முதலில் எழுந்து போவது அந்த மனஉறுதிதான். வீட்டில் ஏற்கெனவே நடக்கிற காரியங்களோடு மருத்துவத்தைக் கட்டிவிட்டால் அது நிலைக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; அவர் சொன்னதை நம் வீட்டில் எப்படி நடத்துவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

காலைக் காப்பிக்கு முன்னும் பின்னும்

மாத்திரைக்கென்று வீட்டில் ஓர் இடமும் ஒரு நேரமும் இல்லாதபோதுதான் அது மறந்துபோகிறது. எங்கள் வீட்டில் அந்த இடம் காப்பி ஃபில்டர் வைத்திருக்கும் அலமாரித் தட்டு. ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. ஞாயிறு இரவு அதை நிரப்பிவிடுவோம். காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் பதினோரு மணிக்கு வந்தால் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். சந்தேகத்தில் இரண்டாம் முறை விழுங்குவது, மறந்துபோவதைவிட ஆபத்தானதாக முடியக்கூடும்.

ஆனால் எல்லா மாத்திரையும் காப்பியோடு ஒத்துப்போகாது. தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும். காப்பி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். டபராவும் தம்ளரும் சத்தம் போட்டால்தான் பொழுது விடிந்ததாகக் கணக்கு வைத்திருக்கும் கும்பகோணத்துப் பக்கத்தில் இது லேசான காரியமல்ல. என் தங்கைக்கு மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் இரத்தப் பரிசோதனையில் மாற்றம் தெரியவில்லை. கடைசியில் மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எழுந்தவுடன் விழுங்கிவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் குளித்த பிறகுதான் காப்பி என்று வரிசையை மாற்றினாள். அடுத்த பரிசோதனையில் அளவு வழிக்கு வந்தது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளையும் தைராக்சினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும் என்பதால் அவை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஆயின.

சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்தவுடன் எடுத்தால் வயிற்றுப் புரட்டல் குறையும். அதைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு, குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களுக்கு, உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். காலில் மதமதப்பும் எரிச்சலும் வந்தால் எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் குணம் வேறு. அவற்றை விழுங்கினால் சர்க்கரை இறங்கியே தீரும் என்பதால் விழுங்கிய பின் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது.

வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்டது. அதை நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒருமுறை ஒரு மருந்துக் கடையில் உறையின் மேல் பழக்கதோஷத்தில் '1-0-0' என்று பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உறையை மட்டும் நம்பியிருந்தால் என் மனைவி தினமும் காலையில் ஒன்று விழுங்கியிருப்பாள். அன்று முதல் அந்த அட்டை மற்ற மாத்திரைகளோடு பெட்டியில் கலப்பதில்லை. அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் தனி டப்பாவில் இருக்கிறது; அதன் மூடியில் 'வெள்ளி மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். கூடவே கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரை எந்த நாளில் என்பதையும் அதற்குக் கீழே எழுதியிருக்கிறோம்.

அட்டையிலிருந்து மாத்திரையைக் கிழிக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். கடைக்காரர் மாற்றுக் கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று அந்த முனையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததை வாங்குவதில் தயக்கம் தேவையில்லை. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் இப்படிப்பட்ட மருந்துகள் கிடைக்கின்றன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடவு, அறுப்பு நாட்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இலையின் மேற்பாதி

சோற்றை விட்டுவிடு என்று டெல்டாக்காரரிடம் சொல்வதில் பயனில்லை; சொல்கிறவரே வீட்டுக்குப் போய்ச் சோறுதான் சாப்பிடப் போகிறார். உணவு வல்லுநர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ. இந்தக் கணக்கை நம் வாழை இலை ஏற்கெனவே வைத்திருக்கிறது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. இலையின் மேற்பாதி கூட்டுக்கும் பொரியலுக்கும் உரியது, கீழ்ப்பாதியில்தான் சோறு. நாம் செய்வது என்னவென்றால், மேற்பாதியில் ஒரு கரண்டி கூட்டையும் ஒரு சிட்டிகைப் பொரியலையும் தொட்டுக்கொள்ள வைத்துவிட்டு, கீழ்ப்பாதி முழுவதும் சோற்றைக் குவித்து, அதன் நடுவில் குழி பறித்துச் சாம்பாரை ஊற்றுகிறோம்.

எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டாலும் இலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பாதியை உண்மையாகவே நிரப்புங்கள்: வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரங்காய், அவரை, கத்தரி, முருங்கைக்கீரை என்று எது கிடைக்கிறதோ அது. உருளையும் சேப்பங்கிழங்கும் சோற்றின் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் காய்கறிக் கணக்கில் எழுதக் கூடாது. கீழ்ப்பாதியில் இடப்பக்கம் சுண்டலோ பருப்போ மீனோ. வலப்பக்கம் மட்டும் சோறு. சாப்பிடும் வரிசையும் முக்கியம். காய்கறியிலும் புரதத்திலும் பாதியைத் தின்ற பிறகு சோற்றில் கை வைத்தால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது. முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வெறும் கூட்டை அள்ளித் தின்பதைப் பார்த்து என் மாமியார், "என்ன மாப்பிள்ளை, சோறு வேகலையா?" என்று கேட்டார்.

சோற்றின் அளவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. அன்னக்கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும். பரிமாறுகிறவரின் பாசத்துக்கு ஏற்பவும் வேறுபடும். ஒரு சிறு கிண்ணத்தைச் சோற்றுக்கென்று ஒதுக்கி, தலை தட்டி அளந்து போட்டுக்கொள்ள வேண்டும். உண்மையான சிக்கல் நம் சாப்பாடு மூன்று சுற்றாக நடப்பதில் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொரு சுற்றும் 'கொஞ்சம்தான்' என்றாலும் மூன்று கொஞ்சம் சேர்ந்தால் ஒரு மலை. நான் செய்துகொண்ட ஏற்பாடு இது: கிண்ணத்துச் சோற்றை முதலிலேயே மூன்றாகப் பிரித்து ஓரம் கட்டிவிடுவேன், அல்லது ரசத்தையும் மோரையும் தம்ளரில் வாங்கிக் குடித்துவிடுவேன். இரண்டாவது வழியில் சாப்பிட்ட நிறைவு குறைவு, ஆனால் சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறது.

பாரம்பரிய நெல் பற்றிச் சொல்ல வேண்டும். 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி முதலிய பெயர்கள் மறுபடியும் ஊர்களில் புழங்குகின்றன. தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறும் வேகம் குறைவு. பச்சரிசியைவிடப் புழுங்கல் பொதுவாக மேல். ஆனால் கவுனிச் சோறு என்பதால் இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் சோறுதான். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மையானாலும், அதைச் சாக்காக வைத்துச் சட்டி நிறையப் பழைய சோறு தின்பதும் இந்த வகையே. யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் குளுக்கோமீட்டரைக் கேளுங்கள். ஒரு நாள் ஒரு கிண்ணம் பொன்னிப் புழுங்கல், மற்றொரு நாள் அதே கிண்ணம் மாப்பிள்ளைச் சம்பா, இரண்டு நாளும் அதே கூட்டு, அதே குழம்பு. முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். இரண்டு துளி இரத்தத்தில் உங்கள் உடம்பின் தீர்ப்பு கிடைத்துவிடும்.

சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் தெளிக்கிற உளுந்தும் பச்சைப்பயறும் நம் வீட்டுப் புரதம். விளைந்ததை எல்லாம் வியாபாரிக்கு அளந்துவிட்டு, தோசைக்கு மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மாற்றி, ஒரு மூட்டைப் பயறைச் சுண்டலுக்கென்று வைத்துக்கொண்டால் நாலு மணிப் பலகாரச் சிக்கலும் தீரும்.

உப்பைப் பொறுத்தவரை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாயிலும் அப்பளத்திலும் மோர் மிளகாயிலும் நாகப்பட்டினத்துக் கருவாட்டிலும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். இதற்கு மாற்றாகக் கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து இளநீரையும் அவர்கள் இதே காரணத்துக்காகக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இளநீர் யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வயல் வரப்பில் வரும் மயக்கம்

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் காலையில் வெறும் காப்பியோடு வயலுக்குப் போய், பத்து மணிக்குச் சோறு வரும் வரை வேலை செய்தால், திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பேச்சுக் குழறக்கூடும். வெயிலில் மயக்கம் என்று நிழலில் படுக்க வைத்து விசிறுவதில் நேரம் போய்விடும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, கருவி கையில் இல்லாமல் இந்த அறிகுறிகள் வந்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ அதே அளவு குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட்டும் கடலை மிட்டாயும் இந்த நேரத்துக்கு ஆகா. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். மடியில் வெற்றிலைப் பை இருக்கும் இடத்தில் ஒரு சிறு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களில் ஒருவருக்காவது அது எதற்கென்று தெரிந்திருக்கட்டும்.

பாதம்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், வாசலில் மருமகள் போட்டு முடித்த கோலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் அவசரத்தில் ஓரமாக மிதித்து உள்ளே வந்தேன். சற்று நேரத்தில் பேத்தி ஓடி வந்து, "தாத்தா, கோலத்துல செம்மண் இடவே இல்லையே, எப்படிச் சிவப்பா இருக்கு?" என்று கேட்டாள். வெள்ளை மாவின் மேல் என் குதிகாலின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. வாசலில் கிடந்த என் இரப்பர்ச் செருப்பை எடுத்துப் பார்த்தால், சீமைக் கருவேல முள் ஒன்று அடியிலிருந்து ஏறி, உள்பக்கம் நெல்மணி நீளத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள் மாலை கொல்லைப் பக்கம் போனபோது ஏறியிருக்க வேண்டும். இரவு முழுவதும் வீட்டுக்குள் நடந்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சிமெண்டு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. எனக்கோ வலியே இல்லை. வலிக்காத காயம்தான் சர்க்கரைக்காரரின் உண்மையான ஆபத்து என்பதை அந்த ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு விளக்கேற்றும் நேரம் எங்கள் வீட்டில் பாதம் பார்க்கும் நேரமாயிற்று. இரு பாதங்களையும் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் போக ஒற்றி, வெளிச்சத்தில் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டலாம், அல்லது வேறொருவரைப் பார்க்கச் சொல்லலாம். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், ஓரிடத்தில் மட்டும் சூடு, சேற்றுப்புண் எது இருந்தாலும் அடுத்த நாளே காட்ட வேண்டும். வெடிப்புக்கு எண்ணெயோ களிம்போ குதிகாலில் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. ஆணிக்காலைப் பிளேடால் சீவுவது, கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டையும் விட்டுவிட வேண்டும். குளிக்கும் வெந்நீரைக்கூட முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற இரப்பர்ச் செருப்பு போட வேண்டும் என்பது பூசை அறையும் அடுக்களையும் உள்ள வீட்டில் சண்டை மூட்டும் விஷயம். உள்ளே போட மட்டும் தனி ஜோடி, அது வாசற்படி தாண்டாது என்ற ஒப்பந்தத்தில் எங்கள் வீட்டில் முடிந்தது.

கோயில் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்குனி, சித்திரை வெயிலில் தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நண்பகலில் நடந்தால் உணர்ச்சி உள்ளவர்கள் துள்ளிக் குதித்து ஓடுவார்கள். உணர்ச்சி இல்லாதவர்கள் நிதானமாக வலம் வந்து கொப்புளத்தோடு வீடு திரும்புவார்கள். விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ போகலாம். பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம்.

உடம்பின் முறை

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்குவதில்லை. அந்த விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கலாம். வலி குறைந்த நாள் ஒன்று வந்தால் என் மனைவி முன்பெல்லாம் அன்றே மாவரைத்து, பரணைத் துடைத்து, மூன்று நாள் வேலையையும் முடித்துவிடுவாள். அடுத்த மூன்று நாளும் படுக்கை. ஒரே முறையில் வயலை முழுக அடித்துவிட்டு அடுத்த முறை வரை பயிரைக் காய விடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இப்போது நல்ல நாளிலும் சரி, கெட்ட நாளிலும் சரி, கனமான வேலை ஒன்று மட்டும். அதுவும் விறைப்பு விட்ட பிறகு, பத்து மணிக்கு மேல். அரை மணி வேலைக்குப் பின் உட்காரும் ஓய்வு. கெட்ட நாளில் வேலையைக் குறைக்கலாம், ஆனால் முழுதாக நிறுத்திவிட்டால் மூட்டு மேலும் இறுகும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை மடக்கி விரிப்பதாவது நடக்க வேண்டும்.

பாத்திரங்களையும் மாற்றினோம். நிறைகுடம் போய் இரண்டு சிறு தவலைகள் வந்தன. திருகும் குழாய் போய், மணிக்கட்டால் தள்ளித் திறக்கும் குழாய் வந்தது. கரண்டிக் காம்புகளில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நூலால் கட்டித் தடிப்பாக்கியதில், இறுக்கிப் பிடிக்காமலே கிளற முடிகிறது. வாணலியை ஒரு கையால் தூக்காமல் இரு உள்ளங்கையிலும் ஏந்தித் தூக்குகிறாள்.

வலி மாத்திரையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நடவு முடிந்த மாலையில் கடையில் சில ரூபாய்க்கு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்றவை அன்றைய வலியைத் தீர்க்கும்; ஆனால் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். ஏற்கெனவே சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது இரட்டைக் கேடு. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலிப் பொடி'யையும் நம்ப வேண்டாம்.

வீட்டில் அளப்பது

இரத்த அழுத்தத்தை வீட்டில் பார்க்க மேற்கையில் கட்டும் கருவியே நல்லது. காப்பிக்கும் வெற்றிலை புகையிலைக்கும் பிறகு அரை மணி நேரம் விட்டு, சிறுநீர் கழித்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பின், சட்டைக் கையின் மேல் கட்டாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுத வேண்டும். பேருந்தை விட்டு இறங்கி ஓடி வந்து பார்த்த அளவை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அளவு நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதும் தவறு, மாத்திரையால்தான் அது நன்றாக வந்திருக்கிறது.

விரதமும் பந்தியும்

ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்பவர்களும், நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் ரமலான் நோன்பு வைப்பவர்களும் குறைந்தது ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் அப்போதே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வெறுங்காலோடு போகும் வேண்டுதலைப் பாதத்தில் உணர்ச்சி இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். முகூர்த்த வீடுகளில் பந்தி எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இலையில் உட்கார்ந்து முதல் பரிமாறல் வரும் வரை மாத்திரையும் ஊசியும் பையிலேயே இருக்கட்டும்.

ஐப்பசி கார்த்திகைக்கு முன்

2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அதற்குப் பின் எங்கள் வீட்டில் புரட்டாசி முடிவதற்குள் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் வைத்துவிடுகிறோம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கியதை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வைக்கலாம், உங்கள் மருந்தின் உறையில் உள்ள கணக்கே சரியானது. மின்சாரம் இல்லாதபோது பெரிய மண்சட்டியில் ஆற்று மணலை நனைத்துப் பரப்பி, அதற்குள் சிறு சட்டியை இறக்கி, இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் இட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளியுங்கள். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது.

மருத்துவரிடம் போகும் நாள்

ஒரு நோட்டு, ஒரு கோப்பு, ஒரு துணிப்பை. நோட்டில் தேதியும் அளவும், இந்த முறை கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளும். கோப்பில் பழைய சீட்டுகள், புதியது மேலாக. பையில் இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், சித்த மருந்துப் புட்டி இருந்தால் அதுவும். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை, அளவு கட்டுக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும். சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின், கண்ணின் விழித்திரை ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை. கண் பரிசோதனைக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் எழுத்துத் தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்ட முடியாது. பேருந்தின் நெற்றியில் மன்னார்குடி என்று எழுதியிருக்கிறதா மயிலாடுதுறை என்று எழுதியிருக்கிறதா என்று படித்துச் சொல்ல உடன் ஒருவர் வேண்டும்.